யாளி நிற்கும் பாலம்

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மங்கலத்தில் தறிச் சத்தம் அடங்கிவிடும். வாரம் முழுக்க அந்தச் சத்தத்துக்குள்ளேயே வாழ்கிறவர்களுக்கு, அது நின்றதும் காது எதையோ தேடும். அந்த நேரத்தில்தான் அல்ஃபியா தன் அத்தா அக்பரின் கட்டிங் ஹாலைத் திறப்பாள். நீளமான கட்டிங் மேசையில் பேட்டர்ன் பேப்பரை விரித்து, டெய்லர் சாக்பீஸால் ஆறுகளும் மலைகளும் வரைவாள். ஜன்னல் வழியாக வரும் வெயிலில் பஞ்சுத் தூசி மிதந்துகொண்டிருக்கும். சில நேரம் அவள் வரைந்த மலைகளின் மேல் அது மெல்ல இறங்கிப் பனி போலப் படியும்.

வார நாட்களில் அல்ஃபியா திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது இந்த விளையாட்டைக் கற்றுக்கொண்டாள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் நடப்பார்கள். கதவை உடைக்கலாம், பாம்போடு பேசலாம், ராஜாவிடம் பொய் சொல்லலாம். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும்; எண் பெரிதானால் பலிக்கும், சிறிதானால் பலிக்காது. அல்ஃபியா கதை நடத்துகிறவள். சாமளாபுரத்துத் தறிக்காரர் வீட்டுப் பையன் தனுஷ், கருங்கோடன் என்ற கோடரிக்காரன். அல்ஃபியாவின் சின்னம்மா மகன் முபாஷிர் காதர்பேட்டையில் பட்டன் கடை வைத்திருந்தான். கதைக்குள் அவன் சுண்டெலி என்ற திருடன். மேசையில் ஆட்களுக்கும் அரக்கர்களுக்கும் பதிலாக நின்ற பட்டன்கள் எல்லாம் அவன் கொண்டு வந்தவை.

பிறகு சந்தனமும் அனுசுயாவும் வந்தார்கள். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தம்பதி. சந்தனம் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். ஒரு நாள் துணி ரோல் இறக்க வந்தவன் மேசையில் பரப்பியிருந்த பட்டன்களைப் பார்த்து, "இது என்ன வெளையாட்டு?" என்று கேட்டான். அடுத்த ஞாயிறு மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவன் வழுதி என்ற வேவுக்காரன் ஆனான். அனுசுயா சாயம் போடும் ஒரு டையிங் யூனிட்டின் லேபில் துணிக்கும் சாம்பிளுக்கும் நிறம் பொருந்துகிறதா என்று பார்க்கிறவள். அவள் தாழை என்ற படகுக்காரியானாள்.

கதை சொல்வது அல்ஃபியாவுக்குச் சிரமமாக இருந்ததே இல்லை. எடை போடுவதுதான் சிரமம். எதிரி அதிகப் பலசாலியாக இருந்தால் ஆட்டம் அரை மணியில் முடிந்து எல்லோரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். நோஞ்சானாக இருந்தால் கொட்டாவி விடுவார்கள். ஆபீசில் மதிய இடைவேளையில், டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் ஓநாய்களின் உயிரைக் கூட்டுவாள், பூதத்தின் கைவலுவைக் குறைப்பாள். ஆட்டத்தின்போது தன் முன்னால் ஓர் அட்டைப் பெட்டியை மறைப்பாக நிறுத்தி, அதற்குப் பின்னால் பகடையை உருட்டுவாள். என்ன விழுந்தது என்று அவள் சொல்வதுதான் மற்றவர்களுக்குத் தெரியும்.

ஒரு ஞாயிறு கதை ஒரு பாலத்துக்கு வந்து நின்றது. கீழே சத்தமில்லாமல் ஓடும் அகலமான ஆறு. அக்கரை முழுக்க மூடுபனி. பாலத்தின் நடுவில் கல்லாலான ஒரு யாளி.

"நான் முன்னால போயி வழி இருக்கான்னு பாக்கேன். நீங்க பெறகு வாங்க," என்றான் சந்தனம். பகடையை உருட்டினான். நல்ல எண் விழுந்தது. வழுதி யாளியின் காலடியில் நழுவி, பாலத்தைக் கடந்து, பனிக்குள் போய் மறைந்தான். நேரமாகிவிட்டதால் அதோடு அன்றைய ஆட்டம் நின்றது.

அந்த வாரமே பல்லடம் ரோட்டில், ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வந்துகொண்டிருந்த சந்தனத்தின் மேல் ஒரு லாரி ஏறியது. அவன் உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

கட்டிங் ஹால் பல மாதம் ஞாயிறுகளில் பூட்டியே கிடந்தது. பிறகு ஒரு நாள் அனுசுயாதான் வந்து கேட்டாள். "சும்மா வந்து உக்காந்திருக்கேனே, அல்ஃபியா. வீட்டுல செவத்தப் பாத்துக்கிட்டு இருக்க முடியல."

ஆட்டம் மறுபடி தொடங்கியது. அல்ஃபியா கதையைத் தெற்கே, ஒரு காட்டுக்குத் திருப்பிவிட்டாள். பாலத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. தாழையை நோக்கி வந்த அம்புகள் எல்லாம் மரத்தில் குத்தின. அட்டைப் பெட்டிக்குப் பின்னால் பதினெட்டு விழுந்தால் அல்ஃபியா ஏழு என்றாள். தாழை புதைகுழியில் விழுந்தால் கையருகே ஒரு கொடி இருந்தது. வருஷம் ஒன்று கடந்தும் தாழையின் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அல்ஃபியா இதை யோசித்துச் செய்யவில்லை. அனுசுயாவின் முகத்தைப் பார்த்ததும் வாயில் எண் தானாகவே குறைந்தது.

ஆனி மாதத்தில் ஒரு ஞாயிறு. காட்டுக்குள் ஓநாய்க் கூட்டம் ஒன்று அவர்களைச் சூழ்ந்துகொண்டது. தனுஷும் முபாஷிரும் எப்படித் தப்புவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"தாழை கத்தியக் கீழ போடுதா," என்றாள் அனுசுயா. "நடுவுல போயி கண்ண மூடிக்கிட்டு நிக்கா."

"அக்கா, ஏனுங்க?" என்றான் தனுஷ்.

"நிக்கட்டும்."

அல்ஃபியா பெட்டிக்குப் பின்னால் பகடையை உருட்டினாள். ஒன்றல்ல, ஒவ்வோர் ஓநாய்க்கும் ஒரு தடவை. பிறகு நிமிர்ந்து, "ஓநாய்கள் மோந்து பார்த்துட்டுத் திரும்பிப் போயிருச்சுங்க," என்றாள்.

அனுசுயா தாழைக்காக வைத்திருந்த சிப்பிப் பட்டனை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"இதுக கூட என்னையக் கடிக்க மாட்டேங்குது," என்றாள்.

"அப்படியில்லீங்க அக்கா..."

"அல்ஃபியா, லேப்ல நான் ஷேடத் தப்பாச் சொன்னாலும் மேனேஜர் சத்தம் போடுறதில்ல. மத்த பிள்ளைகளப் போட்டு வாட்டுதாரு. எங்கிட்ட வந்தா, 'பரவால்ல அனுசுயா'ங்காரு. ஊருல மாமியார் போன்ல பேசுனா நோயாளிட்ட பேசுற மாதிரி பேசுதாங்க. கல்யாண வீட்டுல என்னைய ஓரமா, மின்விசிறிக்கு அடியில உக்கார வைக்காங்க. எல்லாரும் எனக்குக் கொறச்சுக் கொறச்சுத் தாராங்க." அவள் குரல் உயரவில்லை. "இங்கயுமா?"

அனுசுயா எட்டி அந்த அட்டைப் பெட்டியைத் தொட்டாள்.

"அடுத்த வாரம் இது வேண்டாம். எல்லாரும் பாக்குற மாதிரி உருட்டு. காட்டுல சுத்துனது போதும். நாம பாலத்துக்குப் போவோம்."

மறுநாள் ஆபீஸ் முடிந்ததும் அல்ஃபியா நேராக முபாஷிரின் கடைக்குப் போனாள். அவன் ஒரு ஆர்டருக்கு லேபிள் பிரித்துக்கொண்டிருந்தான். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கரைல என்ன வெக்கறது முபாஷிர்?"

"வழுதிய நிக்க வெப்பியாக்கா?"

"நின்னா அவரு பேசோணும். சந்தனம் அண்ணன் மாதிரி நான் பேச முடியுமா?"

முபாஷிர் கையிலிருந்த லேபிளைக் கீழே வைத்தான். "முடியாதுக்கா. கூடாது."

"செத்துக் கெடந்தாருன்னு சொல்லட்டுமா? அதை அனு அக்கா ஒரு தடவை பாத்தாச்சு." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "யாளியப் பெரிசா வெச்சா அவங்க பாலத்தையே தாண்ட மாட்டாங்க. அக்கரையக் காட்ட வேண்டியதில்ல, எனக்கும் சிரமமில்ல. சின்னதா வெச்சா மறுபடி ஏமாத்துன மாதிரி."

"உனக்கே யாரு செயிப்பாங்கன்னு தெரியாத மாதிரி வெய்யி. அதானே எப்பவும் நீ சொல்றது?"

அந்த வாரம் முழுக்க அவள் யாளியை எடை போட்டாள். முதல் கணக்கில் யாளி மூன்று பேரையும் விழுங்கியது. குறைத்தாள். அடுத்ததில் கருங்கோடன் ஒருவனே அதைச் சாய்த்துவிட்டான். கூட்டினாள். துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் மெயில் வந்து காத்திருந்தது, சாம்பிள் கூரியர் கிளம்பியது, அவள் வேலையைச் செய்துகொண்டே ஆற்றின் ஓசையில்லாத ஓட்டத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது கணக்கு சரியாக வந்து நின்றது. எந்தப் பக்கமும் சாயாத தராசு. யார் விழுவார்கள், யார் நிற்பார்கள் என்று அவளுக்கே தெரியவில்லை. இதுதான் நல்ல எடை என்று அவளுக்குத் தெரியும். இன்னொன்றையும் முடிவு செய்தாள்: பின்வாங்கிப் போகிறவர்களை யாளி துரத்தாது.

ஞாயிறன்று மேகம் மூடியிருந்தது. பல்லடத்துப் பக்கமிருந்து வீசும் காற்று ஜன்னல்களை ஆட்டியது. மேசைமேல் அட்டைப் பெட்டி இல்லை. அது இல்லாமல் அல்ஃபியாவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சாக்பீஸால் இரண்டு கோடு இழுத்து ஆற்றை வரைந்தாள். அதன் குறுக்கே ஒரு மரஸ்கேலைப் பாலமாக வைத்தாள்.

அவள் சொல்லச் சொல்ல ஹாலின் சுவர்கள் தள்ளிப் போயின. அடுக்கி வைத்திருந்த துணி ரோல்கள் கரையோரப் பாறைகளாயின. ஆற்று நீர் சாம்பல் நிறத்தில், தூங்குகிற மிருகத்தின் முதுகைப் போல ஏறி இறங்கியது. பாலத்தின் பலகைகளில் பனித்துளி. நடுவில் யாளி. சிங்கத்தின் முகம், யானையின் துதிக்கை, பிடரியெல்லாம் பச்சைப் பாசி. அவர்கள் பாலத்தில் கால் வைத்ததும் அதன் கல் இமைகள் திறந்தன.

"ஒருத்தர் இந்த வழியாப் போனாரா?" என்று தாழை கேட்டாள்.

"போனார்," என்றது யாளி.

"அவரோட சண்டை போட்டியா?"

"இல்லை. அப்போது நான் தூங்கிக்கொண்டிருந்தேன்."

"எங்கள மட்டும் ஏன் மறிக்கே?"

"இப்போது விழித்திருக்கிறேன்."

அனுசுயா அதைக் கேட்டுத் தலையை மெல்ல ஆட்டினாள், நியாயமான பதில் ஒன்றைக் கேட்டவள்போல.

சண்டை நீண்டது. பகடை கட்டிங் மேசையில் உருண்டு எல்லோர் கண்முன்னும் நின்றது. கருங்கோடனின் கோடரி யாளியின் தோளைப் பிளந்தது. கல்லிலிருந்து வெளிச்சம் கசிந்தது. யாளியின் துதிக்கை அவனைச் சுழற்றிப் பலகையில் அடித்தது. தனுஷ் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். "உயிரு இருக்குதுங்களா அக்கா?"

"இருக்குது. ஆனா எந்திரிக்க முடியாது தனுஷ்."

சுண்டெலி பாலத்தின் கைப்பிடிமேல் ஓடி ஓடி அம்பு விட்டான். தாழை துடுப்பால் அடித்தாள். யாளி அவளைத் திருப்பி அடித்தது, இன்னொரு முறையும் அடித்தது. இத்தனை காலமும் கீறலில்லாமல் இருந்த தாழையின் கையிலும் நெற்றியிலும் ரத்தம். அல்ஃபியா ஒவ்வோர் எண்ணையும் விழுந்தபடியே சொன்னாள்.

தாழைக்கு இன்னும் ஓர் அடிதான் தாங்கும். யாளியும் ஒரு காலை இழுத்துக்கொண்டிருந்தது.

"அக்கா," என்றாள் அல்ஃபியா. "பின்னால போறதுன்னா போலாமுங்க. அது தொரத்தாது. இத இப்ப உங்களுக்காகச் சொல்லல. மொதல்லயே அப்படித்தான் வெச்சேன்."

"நம்புதேன்," என்றாள் அனுசுயா. மேசையைப் பார்த்தாள். மரஸ்கேலின் நடுவில் கருங்கோடனின் கறுப்புப் பட்டன் கவிழ்ந்து கிடந்தது. "நான் போயிட்டா இவன் என்ன ஆவான்?"

எல்லோருக்கும் பதில் தெரியும்.

"தாழை அவனுக்கு முன்னால வந்து நிக்கா."

அவள் உருட்டினாள். மூன்று. துடுப்பு காற்றில் வீசிப் போனது. அடுத்து யாளியின் முறை. அல்ஃபியா பகடையைக் கையில் குலுக்கினாள். விட மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அனுசுயா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டாள். பகடை உருண்டு, ஒரு பட்டனில் மோதி, திரும்பி, நின்றது.

பத்தொன்பது.

நாலு பேரும் அதைப் பார்த்தார்கள். மாற்றிச் சொல்ல எதுவுமில்லை.

"அவருக்கும் யாரும் கொறச்சுப் போடல," என்றாள் அனுசுயா. அவள் கண்களிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கவில்லை. "சொல்லு அல்ஃபியா. பாதியில விடாம முழுசாச் சொல்லு."

அல்ஃபியா சொன்னாள். அடி விழுந்ததும் தாழைக்கு வலிக்கவில்லை என்று சொல்லத் தோன்றியது, அப்படிச் சொல்லவில்லை. வலித்தது என்றாள். கைப்பிடி உடைந்து தாழை ஆற்றில் விழுந்தாள் என்றாள். பிறந்ததிலிருந்து அவள் படகு ஓட்டித் திரிந்த தண்ணீர் அது. மேலே பாலம் சின்னதாகிக்கொண்டே போனது. அவள் கூந்தல் அவிழ்ந்து நீரோட்டத்தில் நீண்டது. கொஞ்ச தூரம் போனதும் நீருக்கும் கூந்தலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

காற்று ஒரு ஜன்னலை அடித்துச் சாத்தியது. முபாஷிர் எழுந்து போய்க் கொக்கி போட்டுவிட்டு வந்தான்.

"உன் முறை," என்றாள் அனுசுயா அவனிடம். "அது இன்னும் நிக்குதுல்ல. விடாத."

சுண்டெலியின் கடைசி அம்பு யாளியின் தோள் பிளவுக்குள் இறங்கியது. உள்ளிருந்து கசிந்த வெளிச்சம் மெல்ல அணைந்தது. யாளி முன்கால்களை மடித்துப் படுத்து, கண்ணை மூடி, பழையபடி கல்லானது. சுண்டெலி கருங்கோடனின் வாயில் தண்ணீர் ஊற்றி எழுப்பினான். இரண்டு பேரும் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தார்கள்.

"இதோட நிறுத்திக்கலாமுங்க அக்கா," என்றான் தனுஷ். அவனும் அழுதிருந்தான்.

"நீங்க போங்க தம்பி. நான் கேட்டுக்கிட்டு இருக்கேன்."

அவர்கள் பனிக்குள் நடந்தார்கள். அக்கரையில் புல் முழங்கால் உயரம் இருந்தது. ஒரு பாறையின் அடியில், காற்று படாத இடத்தில், யாரோ கல்லைப் பொறுக்கித் தரையைச் சமப்படுத்தியிருந்தார்கள். புல்லை அறுத்து நாலு படுக்கை விரித்திருந்தார்கள். மூன்று படுக்கைகள் யாரும் படுக்காமல் பனி கோத்துக் கிடந்தன. நாலாவதில் ஒருவர் படுத்தெழுந்த பள்ளம் இருந்தது. அங்கிருந்து காலடித்தடம் மேட்டை நோக்கிப் போனது. ஓடிய தடம் அல்ல, தடுமாறிய தடமும் அல்ல. நிதானமாக நடந்து போன தடம்.

அல்ஃபியா அவ்வளவோடு நிறுத்திக்கொண்டாள்.

"கூப்பிட்டுப் பாக்கட்டுங்களா?" என்று தனுஷ் மெதுவாகக் கேட்டான்.

மேசையில் அந்த இடத்தில் ஒன்றும் வரைந்திருக்கவில்லை. வெறும் பழுப்புக் காகிதம்தான். அனுசுயா அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வேண்டாம். போகட்டும்," என்றாள். பிறகு, "அவரு படுத்த எடத்துல யாராவது கொஞ்ச நேரம் படுங்களேன்."

"சுண்டெலி படுத்துக்கறான் அக்கா," என்றான் முபாஷிர்.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. திங்கட்கிழமை வரப்போகும் துணிக்கு இடம் பார்க்க அக்பர் வந்தார். மேசையைச் சுற்றி நாலு பேரும் கண் சிவந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

"டீ சொல்லட்டுமாம்மா?" என்றார்.

"சொல்லுங்க பாய்," என்றாள் அனுசுயா. "எனக்குச் சீனி தூக்கலா."

அடுத்த ஞாயிறு அவள் வரமாட்டாள் என்று அல்ஃபியா நினைத்திருந்தாள். அவள்தான் முதல் ஆளாக வந்தாள். புதுப் பாத்திரத்தோடு வந்திருந்தாள்: மருதாள், சந்தையில் சட்டி பானை விற்கிறவள், வாய்த்துடுக்கு ஜாஸ்தி, கோபம் வந்தால் பானையாலேயே அடிப்பாள். முதல் நாளே மருதாளை ஒரு நாய் கடித்தது. பகடையில் விழுந்த எண்ணைப் பார்த்து அனுசுயா வாய்விட்டுச் சிரித்தாள். சந்தனம் போன பிறகு அந்த ஹாலில் அவள் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

ஆடி பிறந்ததும் லேபில் ஷிஃப்ட் பொறுப்பை அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். ஒரு லாட் துணியின் நிறம் மாறிப்போய், மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைக் காய்ச்சி எடுத்துவிட்டார். "கிழிகிழின்னு கிழிச்சாரு அல்ஃபியா," என்று ஞாயிறன்று வந்து சொன்னாள். சொல்லும்போது முகம் பிரகாசமாக இருந்தது. அந்த நிறத்தை எப்படித் திருத்தினாள் என்பதை அன்று ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் முழுக்கச் சொல்லி முடித்தாள்.

அல்ஃபியா இப்போதும் மதிய இடைவேளையில் அரக்கர்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் மறைப்பு எதுவும் வைப்பதில்லை.

போன வாரம் மருதாள் ஒரு படகுக்காரனிடம் கூலிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். அனுசுயா உருட்டிய பகடை வேகத்தில் மேசையை விட்டுக் குதித்து, துணி ரோல் அடுக்குக்கு அடியில் போய்விட்டது. தனுஷ் கையை உள்ளே விட்டான்.

"எடுக்காத, எடுக்காத," என்று கத்தினாள் அனுசுயா. "விழுந்த எடத்துலயே பாக்கணும்."

சேலையைச் செருகிக்கொண்டு தரையில் படுத்தாள். மொபைல் வெளிச்சத்தை அடுக்குக்குள் அடித்து, பஞ்சுத் தூசியை ஊதிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"நாலு!" என்றாள், உள்ளிருந்தே. "படகுக்காரன் என்ன சொல்லுதான், கேளு."